கயிற்றில் ஒட்டிய மணல்

பெரியம்மை வீட்டு முற்றத்தில் திரித்த கயிறு காயும். காய்ந்ததைச் சுருட்டித் தூக்கினால் அடியில் கறுப்பாக ஒரு கோடு கிடக்கும். நாரோடு ஒட்டி வந்த கடற்கரை மணல் காய்ந்து உதிர்ந்த கோடு அது. பெரியம்மை ஈர்க்கு வாரியலை எடுத்து ஒரு தள்ளு தள்ளிவிடுவாள். அவள் தள்ளிவிட்டது என்ன என்று எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆனது.

ஊர், குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தபோது விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தண்ணீரை வெள்ளம் என்போம். பெரியம்மை தமிழில் தொடங்குகிற பேச்சு மலையாளத்தில் போய் முடியும், அதை அவள் கவனித்ததே இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஏ.வி.எம். கால்வாய். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் என்று முழுப் பெயர், 1860-இல் வெட்டத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை படகு விடுவதாக மகாராஜாவின் திட்டம். என் காலத்தில் அதில் படகு கிடையாது, கதம்பல்தான் கிடந்தது. மாதக்கணக்கில் ஊறி அழுகிய தேங்காய்க் கதம்பலின் நாற்றம் இருக்கிறதே, இன்றைக்கும் எந்த ஆய்வகத்திலாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை வந்தால் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

மழைக்காலத்தில் கால்வாய் கொஞ்சம் ஓடும். பூவரசு இலையைப் பறித்து விடுவோம். நடுவில் விட்ட இலை போயே போய்விடும். கரையோரம் விட்டது நின்று நின்று, சுற்றிச் சுற்றி வரும். ஏன் என்று கேட்டதற்குப் பாட்டா சொன்னார்: "கரை பிடிச்சு வைக்குது மக்ளே." பாய்ம இயக்கவியல் என்று பின்னால் நான் படித்த பாடத்தில் அரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்ததும் இதைத்தான்.

கறுப்பு மணலை வைத்து எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து மணலில் இழுப்போம். கொஞ்சம் கறுப்புப் பொடி முள்ளாக நட்டுக்கொண்டு நிற்கும். மீதி ஒட்டாமல் வழியும். அந்த மீதியில் தேன் நிறத்தில் சில மணிகள் மினுங்கும். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் என் மாணவர்கள் பதறுகிறார்கள், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

தேன் நிற மணிக்கு மோனசைட் என்று பெயர். அது இங்கே இருப்பது உலகத்துக்குத் தெரிய வந்ததற்குக் காரணமே கயிறுதான். 1909-இல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். எங்கள் பெரியம்மை வாரியலால் தள்ளியதை அவர் குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை அடுத்த ஓரிரு வருஷத்தில் வந்துவிட்டது. அப்போது தேவைப்பட்டது அதிலிருந்த தோரியம். காஸ் விளக்கின் மாண்டிலுக்கு அதுதான் சரக்கு. கோயில் கொடைக்குத் தலையில் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போவார்களே, அதில் பால்போல வெள்ளையாக எரிந்த வலைப்பை, அதே தோரியம். (மணல் எடுப்பதை ஒட்டிய சண்டைகள் பெரிய கதை. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே கலக்கவில்லை.)

தோரியம் சும்மா கிடப்பதில்லை. தோரியம்-232 அணு ஒன்று சிதையத் தொடங்கினால் படிப்படியாக இறங்கி ஈயம்-208 ஆகி நிற்கும். போகிற வழியில் ஆறு ஆல்பா துகள்களை எறிந்துவிட்டுப் போகும். அவசரம் ஒன்றும் இல்லை. பாதித் தோரியம் சிதைய 1,400 கோடி ஆண்டு வேண்டும். ஆனால் மணிக்குள் அணுக்கள் எண்ணில் அடங்காமல் இருப்பதால் எறிதல் நிற்பதே இல்லை. ஒவ்வொரு ஆல்பாவும் கிளம்பும்போது வினாடிக்குப் பதினாலாயிரத்திலிருந்து இருபதாயிரம் கிலோமீட்டர்வரை வேகம். நின்றுபோவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தூரத்துக்குள். பெரும்பாலும் அதே மணல் மணிக்குள்.

நின்ற பிறகு அது என்ன ஆகிறது என்பதை மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் 1908-இல் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட கனம் இல்லாத சுவருடைய கண்ணாடிக் குழாய். அதற்குள் ஆல்பாவை எறியும் ரேடான் வாயுவை அடைத்தார்கள். வெளியே இன்னொரு குழாய், அதில் வெற்றிடம். வாயு அந்தச் சுவரைத் தாண்டாது, ஆனால் ஆல்பா தாண்டும். வெளிக் குழாயில் சேர்ந்ததற்கு மின்சாரம் பாய்ச்சி நிறமாலையைப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மஞ்சள் கோடு ஒன்று எட்டிப்பார்த்தது. ஆறு நாளில் ஹீலியத்தின் முக்கியமான கோடுகள் எல்லாம் வந்துவிட்டன. ஆல்பா என்பது ஹீலியத்தின் கரு. இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் அது ஹீலியம்.

அந்த மஞ்சள் கோட்டுக்கு நம் பக்கத்து உறவும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைப் பார்க்க ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்தார். அந்த வருஷம் சூரிய ஒளியில் பிடிபட்ட மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். சூரியனில் இருப்பதாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் அது பூமியில் கிடைத்தது.

அதே 1908-இல், ஜூலை 10 அன்று, நெதர்லாந்தின் லெய்டனில் கமெர்லிங் ஓன்ஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். 4.2 கெல்வின், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ். அவருக்கு வேண்டிய ஹீலியம் வந்தது மோனசைட் மணலிலிருந்து. இதைப் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை, எங்கள் கடற்கரை மணல்தான் என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்புறம் தேடிப்பார்த்தால் அது வட கரோலினா மணல். ஷோம்பெர்க் நம் மணலைக் கண்டதே அடுத்த வருஷம்தானே. ஒரு வருஷத்தில் தவறிவிட்டது.

ரூதர்ஃபோர்டிடம் திரும்புவோம். 1909-இல் அவருடைய ஆட்கள் கைகரும் மார்ஸ்டனும் ஆல்பாவை மெல்லிய உலோகத் தகட்டில் எறிந்தார்கள். பெரும்பாலானவை ஏதும் நடக்காததுபோலக் கடந்து போயின. பிளாட்டினத்தில் சுமார் 8,000-இல் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. 1911-இல் ரூதர்ஃபோர்ட் கணக்குப் போட்டு அணுவுக்கு நடுவில் கரு இருக்கிறது என்றார். தங்க அணுவின் கருவை ஒரு கடுகாக வைத்தால், அணு நாற்பது மீட்டர் அகலம். கோயில் வெளிப்பிராகாரத்தின் நடுவில் ஒரு கடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறிவைக்காமல் எறிந்து படவேண்டும்.

பாடத்தில் இங்கே நிறுத்திவிடுவார்கள். திரும்பி வந்த அந்த ஒன்றுதான் கதாநாயகன், மற்ற 7,999-ஐப் பற்றிப் பேச்சே கிடையாது. எனக்கு அந்த 7,999 முக்கியம். மணலுக்குள் ஆல்பாவை நிறுத்துவது கரு கிடையாது, எலக்ட்ரான்கள்தான். லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துக் கொடுத்து, கையில் ஒன்றும் இல்லாமல் ஆல்பா நிற்கிறது. வாங்க ஆள் இருப்பதால் நிற்கிறது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாக நான் வகுப்பில் சொல்ல முயன்று பாதியில் மணி அடித்துவிடுகிற விஷயம் இதுதான்.

சரி, திரவத்துக்கு வருவோம். உங்கள் வீட்டு மின்விசிறியை அணைத்துவிட்டு இறக்கையைப் பாருங்கள். தூசி படிந்திருக்கும். நாள் முழுக்க அந்த வேகத்தில் சுற்றுகிற இறக்கையில் தூசி எப்படி உட்காருகிறது? இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. தூசியின் பார்வையில் அங்கே காற்றே அடிக்கவில்லை. கால்வாயிலும் இதே சங்கதி. கரையைத் தொடும் வெள்ளம் கரையோடு நிற்கிறது, அடுத்த அடுக்கை அது பிடித்து இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. அடுக்குக்கு அடுக்கு இப்படி உந்தம் கைமாறுவதைத்தான் பாகுநிலை என்கிறோம். தேனில் அதிகம், வெள்ளத்தில் குறைவு, ஆனால் எங்கும் உண்டு.

எங்கும் உண்டு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், பெங்களூரில் ஒரு குளிர்நிலை ஆய்வகத்துக்குக் கோடை விடுமுறையில் போகும்வரை. கண்ணாடிக் குடுவை, உள்ளே வெள்ளிப் பூச்சு, பார்ப்பதற்கு மட்டும் விரலகலத்தில் பூச்சில்லாத ஒரு நீளக் கீற்று. அந்தக் கீற்று வழியே திரவ ஹீலியம் கொதிப்பது தெரிந்தது. எடையே இல்லாத திரவம், தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு. பம்பைப் போட்டு மேலே இருக்கும் ஆவியை உறிஞ்ச உறிஞ்சக் குளிர்கிறது, குளிரக் குளிரக் கொதி அதிகமாகிறது. உலைநீர் தோற்றுவிடும். உதவியாளர் அண்ணன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே, "இப்பப் பாருங்க தம்பி" என்றார்.

கொதி நின்றது. மெதுவாக அடங்கவில்லை, சட்டென்று நின்றது. ஒரு குமிழி இல்லை. கண்ணாடிபோலத் திரவம் அசையாமல் இருந்தது. பம்பு அதே சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. 2.17 கெல்வின். அதற்குக் கீழே ஹீலியம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்திவிடுவதால், குமிழி கட்டுவதற்கு எந்த ஒரு இடமும் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்க முடிவதில்லை. ஆவி மேற்பரப்பிலிருந்து மட்டும் சத்தமில்லாமல் எழும்புகிறது. மீப்பாய்மம் என்று நம் பாடநூல்களில் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அந்தச் சட்டென்ற மௌனம் அதில் இல்லை.

அந்தத் திரவம் என்னைப் பழிவாங்கியதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த வருஷம் அதே இடத்துக்கு ஒரு சிறு சோதனைக்காகப் போனேன். செம்பில் ஒரு சின்ன டப்பா, சுற்றிலும் வெற்றிடம். மூடியில் இண்டியம் கம்பி வைத்து இறுக்கினேன், குழாய்களை ஈயப்பற்று வைத்தேன். அறை வெப்பத்தில் கசிவு சோதித்தேன், இல்லை. திரவ நைட்ரஜனில் முக்கினேன், இல்லை. 4.2 கெல்வினில் ஹீலியத்தை விட்டேன், ஒழுகவில்லை. 2.17-ஐத் தாண்டிய அடுத்த நிமிஷம் வெற்றிடம் போயிற்று. மேலே கொண்டுவந்து சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மறுபடி இறக்கினால் அதே இடத்தில் அதே கதை. மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் லிட்டர் கணக்கில் ஹீலியம் காலி, நாட்டுக்கு வேண்டிய ஹீலியம் முழுக்க ஏறக்குறைய இறக்குமதிதான், விலையைக் கேட்டால் தூக்கம் வராது. கடைசியில் கண்டுபிடித்தது: பற்று வைத்தபோது ஈயம் ஒட்டுவதற்காகத் தடவி, நான் ஒழுங்காகக் கழுவாமல் விட்ட பிளக்ஸ் பசை. ஈயத்துக்குள் மயிரிழையிலும் மெல்லிய தடம் ஒன்று அதனால் மிஞ்சியிருந்தது. சாதாரண ஹீலியம் அந்தச் சந்தில் நுழையத் திணறும். மீப்பாய்மம் சாவகாசமாக நடந்து போனது. உராய்வு பூஜ்யம் என்பதை நான் புத்தகத்தில் நம்பியதைவிட அந்த ஈயப்பற்றில் அதிகம் நம்பினேன்.

1937-இல் மாஸ்கோவில் கபித்சா என்ற இயற்பியலாளர் செய்ததும் ஏறத்தாழ இதுதான், அவர் வேண்டுமென்றே செய்தார். மெருகேற்றிய இரண்டு தட்டுகள், நடுவில் அரை மைக்ரான் இடைவெளி. அதன் வழியே 2.17-க்கு மேலுள்ள ஹீலியம் அனேகமாக நகரவில்லை. கீழே வந்ததும் பாய்ந்தது. பாகுநிலை குறைந்தது 1,500 மடங்கு சிறியது என்று எழுதினார். அதே சமயம் கேம்பிரிட்ஜில் ஆலனும் மிசெனரும் நுண்குழாய்களில் இதையே கண்டார்கள். இரண்டு கட்டுரையும் நேச்சர் இதழில் 1938 ஜனவரி 8 அன்று ஒன்றாக வந்தன.

இதில் ரூதர்ஃபோர்ட் எங்கே வருகிறார்? கபித்சா அவருடைய செல்லப்பிள்ளை. கேம்பிரிட்ஜில் கபித்சாவுக்கென்றே மாண்ட் ஆய்வகம் கட்டிக் கொடுத்தார்கள். ரூதர்ஃபோர்டுக்கு முதலை என்று பட்டப்பெயர் வைத்தவரும் இவர்தான், அந்த ஆய்வகச் சுவரில் ஒரு முதலையைச் செதுக்கவும் வைத்தார். இன்றும் இருக்கிறது. 1934-இல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவரைச் சோவியத் அரசு திரும்ப விடவில்லை. ரூதர்ஃபோர்ட் மனம் கேட்காமல், கபித்சாவின் கருவிகளை 30,000 பவுனுக்கு மாஸ்கோவுக்கே விற்க ஏற்பாடு செய்தார். கருவி அங்கே போனது, கட்டடம் இங்கே நின்றது. ஒரே கண்டுபிடிப்பு இரண்டு இடத்திலும் நடந்தது. ரூதர்ஃபோர்ட் அதைப் பார்க்கவில்லை. 1937 அக்டோபர் 19 அன்று காலமாகிவிட்டார். ஆல்பாவே ஹீலியம் என்று காட்டியவர், அதே ஹீலியம் இந்த ஆட்டம் ஆடுவதை இரண்டரை மாதத்தில் தவறவிட்டார். எல்லைக்கோடு போட்டால் சாமான் ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் ஆவதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏன் உராய்வு இல்லை? 1938-இல் ஃப்ரிட்ஸ் லண்டன், லாஸ்லோ டிஸ்ஸா என்ற இரண்டு இயற்பியலாளர்கள் பாதிப் பதில் சொன்னார்கள். 2.17-க்குக் கீழே ஹீலியம் இரண்டு திரவம்போல நடந்துகொள்கிறது, உராயும் பங்கு ஒன்று, உராயாத பங்கு ஒன்று, குளிரக் குளிர இரண்டாவது பெருகும். 1941-இல் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் சொன்ன பதில்தான் நான் மனதில் வைக்கச் சொன்ன வரியோடு சேர்வது. அவரை 1938-இல் சிறையில் போட்டார்கள், ஒரு வருஷம் கழித்துக் கபித்சா பொறுப்பேற்று மீட்டுக்கொண்டு வந்தார். ஹீலியத்தில் கண்ட புதிரை விளக்க இவர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியவர் அவர்.

லாண்டாவின் வாதத்தைக் கடற்கரை மீன் ஏலமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஓடும் திரவத்தின் வேகம் குறைய வேண்டுமென்றால் அதன் ஆற்றலில் ஒரு பங்கு எங்கேயாவது போகவேண்டும், திரவத்துக்குள்ளேயே ஏதாவது அதிர்வாக, கிளர்ச்சியாக. ஒவ்வொரு கிளர்ச்சிக்கும் ஒரு விலை உண்டு, இவ்வளவு உந்தம் கொடுத்தால் கூடவே இவ்வளவு ஆற்றலும் வைக்க வேண்டும். ஓட்டம் வைக்கக்கூடிய ஆற்றலோ அதன் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக ஓடினால் கை சுருங்கும். சாதாரணத் திரவத்தில் எந்த விலைக்கும் ஆள் உண்டு. குளிர்ந்த ஹீலியத்தில் அடிவிலை ஒன்று இருக்கிறது. ஓட்டம் அதற்குக் கீழே எவ்வளவு கேட்டாலும் பேரம் படியாது. பேரம் படியாத ஓட்டம் கொடுக்க முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அடிவிலைக்கு லாண்டாவின் கணக்கில் வரும் வேகம் வினாடிக்கு 60 மீட்டருக்குப் பக்கம். நடைமுறையில் பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே சின்னச் சின்னச் சுழல்கள் கிளம்பிக் காரியத்தைக் கெடுத்துவிடும். அந்தச் சுழல்களும் இஷ்டத்துக்குச் சுழலாது, ஒவ்வொன்றும் ஒரே அளவு என்று ஆன்சாகரும் ஃபைன்மனும் சொன்னார்கள். அதற்குள் போனால் இந்தப் பதிவு முடியாது.

விலைப்பட்டியல் சரியா என்று பார்த்ததும் ரூதர்ஃபோர்ட் வழியில்தான், எதையாவது எறிந்து அது எப்படிச் சிதறுகிறது என்று பார்த்து. 1947-இல் லாண்டாவ் ஊகித்து ஒரு வளைகோடு வரைந்திருந்தார், ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறும் கோடு. 1957-இல் ஃபைன்மனும் கோஹனும், மெதுவான நியூட்ரானை எறிந்து பார்த்தால் கோடு தெரியும் என்றார்கள். நியூட்ரான் ஹீலியம்-4 கருவில் மோதும், கரு அதை விழுங்காது, அதுதான் வசதி. உள்ளே போனதைவிட எவ்வளவு ஆற்றல் குறைந்து, எந்தக் கோணத்தில் வெளியே வந்தது என்று பார்த்தால் திரவம் என்ன விலைக்கு வாங்கியது என்று தெரிந்துவிடும். சில வருஷத்துக்குள் ஸ்டாக்ஹோம், லாஸ் அலமாஸ், கனடாவின் சாக் ரிவர் என்று பல அணு உலைகளில் அளந்தார்கள். லாண்டாவின் பள்ளம் அப்படியே இருந்தது. மோதியது ஒரே ஒரு கருவில், பதில் சொன்னது மொத்தத் திரவம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சிலிர்க்கும். சாக் ரிவரில் பிராக்ஹவுசிடம் 1956-இல் நியூட்ரான் சிதறல் கற்றுக்கொண்டு வந்த பி.கே. ஐயங்கார்தான் மும்பையின் டிராம்பேயில் அந்த வேலையை வளர்த்தார்.

கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் நிலத்தடிச் சுரங்கத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய துகள் முடுக்கியின் காந்தங்களை 1.9 கெல்வினில் வைத்திருப்பது மீப்பாய்ம ஹீலியம்தான், ஏறக்குறைய நூறு டன். வருஷத்தில் சில வாரம் அதில் ஈயக் கருக்களை மோதவிடுவார்கள், சில சமயம் புரோட்டானை ஈயக் கருவில். எந்த ஈயம் தெரியுமா? ஈயம்-208. தோரியம்-232 நின்றுபோகும் அதே ஈயம். ஆறு ஹீலியமும் ஒரு ஈயமும்: எங்கள் மணல் மணிக்குள் ஒரு தோரியம் விட்டுப்போகும் சொத்து அவ்வளவுதான். அந்தச் சுரங்கத்தில் ஒன்று குளிர்விக்கிறது, ஒன்று மோதுகிறது. ஒரே மணியிலிருந்து வந்ததில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும்.

மோதியதும் சுமார் இரண்டு லட்சம் கோடி கெல்வினுக்கு மேல் போய், கருவின் உட்பொருளே உருகி ஒரு துளியாகிறது. அது வாயுபோலச் சிதறும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் தங்கக் கருக்களை மோதவிட்டுப் பார்த்தவர்கள் 2005-இல், இது திரவம்போலப் பாய்கிறது, அதுவும் மிகமிகக் குறைந்த உராய்வோடு என்றார்கள். இந்தச் செய்தி நம் பத்திரிகைகளில் வந்தபோது தண்ணீரைவிட இளகிய திரவம் என்று எழுதினார்கள், அது தப்பு. எண்ணாகப் பார்த்தால் அதன் பாகுநிலை தாரைவிட அதிகம். ஆனால் அவ்வளவு நெரிசலும் சூடும் உள்ள ஒன்றுக்கு இவ்வளவு குறைந்த உராய்வு என்பதுதான் ஆச்சரியம்.

என் ஒற்றை வரி இங்கே தடுக்கி விழுகிறது. ஹீலியத்தில் உராய்வு இல்லாததற்குக் காரணம் வாங்க ஆள் இல்லை. இங்கேயோ எட்டு வைக்கிற இடமெல்லாம் ஆள். மண்டைக்காடு கொடைக் கூட்டத்தில் ஒரு பொட்டலத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோக நினைத்தால், இரண்டடி போவதற்குள் ஒருவர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, பொட்டலம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். உந்தம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போய்ச் சேர முடிவதில்லை. உராய்வு என்பதே அந்தக் கைமாற்றம்தானே, அதனால் குறைந்துவிடுகிறது. வாங்க ஆளே இல்லாவிட்டாலும் ஓட்டம் ஓடுகிறது, மூச்சுவிட இடமின்றி ஆள் இருந்தாலும் ஓடுகிறது. நடுவில் இருக்கும் நம் கால்வாய்தான் திணறுகிறது.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மை கயிறு திரிப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. ராட்டு விறகுப்புரையில் கிடக்கிறது. என்னதான்டே நீ படிச்சது என்று கேட்டாள், சொன்னேன். கரையை உரசாத வெள்ளம் ஒன்று இருக்கிறது என்று.

"அப்போ அது கரையத் தொடாதா?"

"தொடும் பெரியம்மை. ஆனா கரைக்கு ஒண்ணும் குடுக்காது."

"நம்ம மூத்த மருமவன் மாதிரி," என்றாள்.

அந்த வெள்ளம் இந்த மணலில் இருக்கிறது என்றதும் நம்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் மோனசைட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போலத் தோரியம் ஆக்சைடு. ஒரு கிராமில் வினாடிக்கு ஏறக்குறைய 1,700 ஆல்பா. இந்த மணிகளுக்கு வயது ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல். ஒன்றுகூட வெளியே போகாமல் தங்கியிருந்தால் கிராமுக்கு ஒரு கன சென்டிமீட்டர் ஹீலியம் வாயு. கறுப்பையெல்லாம் பொறுக்கித் தள்ளிவிட்டு, தேன் நிறத்து மணியை மட்டும் ஒரு கைப்பிடி, நூறு கிராம் என்று வையுங்கள், சேர்த்தால் நூறு கன சென்டிமீட்டர். அதைக் குளிர்வித்துத் திரவமாக்கினால் எழுநூற்றைம்பதில் ஒன்றாகச் சுருங்கும்.

"எவ்வளவு வரும்?"

"மூணு சொட்டு."

பெரியம்மை என் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வாரியலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.